வெடிப்பும் மக்கும்

அன்புள்ள ஐயா,

கட்டடக்கலை படித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். அமெரிக்க மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகஷிமாவின் மேசைகளைப் படங்களில் பார்த்ததிலிருந்து வேலையில் மனம் ஒட்டவில்லை. அவரும் கட்டடக்கலையிலிருந்து வந்தவர்தானே? மரத்தின் ஆன்மாவைக் கண்டவர். அந்தக் கண்ணைக் கொடுத்தது புதுச்சேரி ஆசிரமமா? ராக்பெல்லர் மாதிரி அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் வாங்குகிற மேசையைச் செய்து நம் ஊரில் பிழைக்க முடியுமா? வேலையை விடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

'மரத்தின் ஆன்மா' என்று இன்னொரு கடிதத்தில் எழுதினால் பதில் போடமாட்டேன். நகஷிமா சொல்லலாம். தன் புத்தகத்துக்கே அப்படிப் பெயர் வைத்தார், 1981இல். அதற்குள் நாற்பது வருடம் மரத்தோடு மல்லுக்கட்டியிருந்தார். நீங்கள் இன்னும் ஒரு பலகையைக்கூட இழைக்கவில்லை.

புதுச்சேரி பற்றிச் சுருக்கமாக. நகஷிமா, கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்திலிருந்து 1937இல் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியின் கட்டுமானத்தைக் கவனிக்க வந்தார். சம்பளம் வேண்டாம் என்று ஆசிரமத்திலேயே சேர்ந்தார். சுந்தரானந்தா என்று அரவிந்தர் பெயர் வைத்தார். 1939இல் கிளம்பிவிட்டார். கண்ணை யார் கொடுத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ராக்பெல்லர் 1973இல் அவரிடம் இருநூறுக்கும் மேல் மரச்சாமான்கள் வாங்கினார், வாங்கட்டும்.

கையைக் கொடுத்தது யார் என்று கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். 1942இல், ஜப்பானோடு அமெரிக்கா போரில் இருந்தபோது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா தடுப்பு முகாமில் அவரை அடைத்தார்கள். அமெரிக்காவிலேயே பிறந்தவர், எம்.ஐ.டி.யில் படித்தவர். அங்கே கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார், ஜப்பானில் முறையாகத் தொழில் கற்றவர். மிச்சம் மீதி மரத்துண்டுகளை வைத்துக்கொண்டு பட்டதாரி அவரிடம் போய் உட்கார்ந்தார். உளி பிடிக்க, இழைக்க, பொருத்து வெட்ட. உங்கள் கடிதத்தில் ராக்பெல்லர் இருக்கிறார், ஹிகோகாவா இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் அதே தவறைச் செய்தவன். வீடு கட்டியபோது சாப்பாட்டு மேசைக்கு ஒரு தேக்குப் பலகை கிடைத்தது, நடுவே ஒரு சாண் வெடிப்போடு. ஆசாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "குறுக்க ரெண்டு கட்டை பதிச்சிடறேன் சார், இடுப்பு ஒடுங்கின மாதிரி. அதுக்கு மேல ஓடாது" என்றார். நகஷிமா மேசைகளில் வெடிப்பின் குறுக்கே உட்கார்ந்திருக்குமே வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு கட்டை, அதேதான். அவர் வெடிப்பை மூடவில்லை. ஊருக்கே தெரிகிற மாதிரி விட்டு, மேலும் ஓடாமல் பிடித்துக் கட்டினார். அமெரிக்காவில் நியூ ஹோப் என்ற ஊரில் இருந்த அவர் பட்டறையிலிருந்து வந்தால் அதற்குப் பெயர் கலை. எங்கள் ஆசாரி சொன்னபோது எனக்கு ஒட்டு வேலையாகத் தெரிந்தது. "அதெல்லாம் அசிங்கமா இருக்கும், மக்கு வச்சு அடைச்சு பாலிஷ் போடுங்க" என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் மரத்தூளையும் பசையையும் குழைக்க ஆரம்பித்தார்.

அடுத்த கோடையில் மக்கு உதிர்ந்தது. வெடிப்பு இரண்டு சாணாகி, இப்போது அதில் எறும்பு குடியிருக்கிறது. சரிசெய்யச் சொல்லலாம் என்று ஆசாரியைத் தேடிப் போனால், மரவேலை குறைந்துபோய் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டார். பலகை அடித்துக்கொண்டிருந்தவர், "மேசை எப்படி சார் இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை லீவுதானே. உங்கள் தெருவிலேயே பட்டறை இருக்கும், போய் இழைப்புளி பிடித்துப் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள். அந்தப் பட்டறை ஆசாரியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.