1764-ஐ முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: மதுரையில் இளங்கலை வரலாறு படிக்கிறேன். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும், உலக வரலாற்றுத் தேர்வில் 1763, 1773, 1783 ஆகிய ஆண்டுகள் குழம்பிவிடுகின்றன. மனத்தில் நிறுத்த வழி உண்டா?
- வாசகி, மேலூர்

பதில்: மூன்று எண்களாகப் படிப்பதால்தான் அவை குழம்புகின்றன. ஒரு கடனின் கதையாகப் படித்துப் பாருங்கள். அதை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதியாக மதுரையை நிர்வகித்து, பின்னர் அக்கம்பெனியையே எதிர்த்து நின்ற கான் சாகிப் யூசுப்கான், 1764 அக்டோபரில் இங்கே தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டான 1763-இல் பாரிஸ் உடன்படிக்கையோடு ஏழாண்டுப் போர் முடிந்தது. வென்ற பிரிட்டனோ பெருங்கடனில் மூழ்கியிருந்தது. சுமையில் ஒரு பங்கை அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது ஏற்ற, 1764-இல் சர்க்கரைச் சட்டத்தையும் மறு ஆண்டே முத்திரைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அங்கே மூண்ட எதிர்ப்பு வளர்ந்து, 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசும் அளவுக்குச் சென்றது. அந்தத் தேயிலை, மதுரையை முற்றுகையிட்ட அதே கம்பெனியின் சரக்கு என்பதை அறிந்தவர்கள் இந்த ஆண்டை எளிதில் மறப்பதில்லை. 1776-இல் விடுதலைப் பிரகடனம் வெளியாயிற்று. 1783-இல் மீண்டும் பாரிஸிலேயே கையெழுத்தான உடன்படிக்கையில் பிரிட்டன் அமெரிக்காவின் விடுதலையை ஏற்றது. கடன் இப்போது பிரான்சின் தலையில் விழுந்தது. அமெரிக்கர்களுக்கு உதவிய போரும் சேர்ந்து கருவூலத்தை வற்றச் செய்துவிட, பிரெஞ்சு மன்னர் 16-ஆம் லூயி 1789 மே மாதத்தில் ஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். ஜூலை 14-இல் பாஸ்டில் சிறை வீழ்ந்தது.

இப்படி நம் பக்கத்து ஆண்டுகள் இன்னும் சில கைகொடுக்கும். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஒரு மாதம் ஆகுமுன்னே, நவம்பர் 9-இல், நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்த 1939 ஜூலைக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் இடையில் இரண்டு மாதங்கள்கூட இல்லை.

எண்களை எழுத்துகளாக்கிச் சொற்றொடர் கட்டும் உத்தியை நான் பரிந்துரைப்பதில்லை. அது ஆண்டை நினைவூட்டுமே தவிர, பெருவினாவுக்கு எழுத ஒரு வரிகூடத் தராது. புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் மேற்கண்ட தொடரைக் காரணங்களோடு எழுதிப் பாருங்கள்; விட்டுப்போனவற்றை மட்டும் திருத்தி, இரண்டு நாள் கழித்தும் அடுத்த வாரமும் மறுபடி எழுதுங்கள். நாள், மாதத்தைப் பாஸ்டில் போன்ற சிலவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு ஆண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.