12 லட்சம் கடன் வாங்கி அனலிட்டிக்ஸ் எம்.பி.ஏ. படிக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 26, கைக்கு வருவது 28,000 ரூபாய். பிசினஸ் அனலிட்டிக்ஸ் எம்.பி.ஏ.வுக்கு ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு வருடத்துக்கு 12 லட்சம். வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். அப்பாவோ அவருடைய 5 லட்சம் எஃப்.டி.யை எடுத்துக்கச் சொல்கிறார். எது நல்லது சார்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் தொடாதீர்கள். படிப்பு நல்ல படிப்புதான், ஆனால் டேட்டாவைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லித்தருகிற படிப்பில் டேட்டாவைக் கேட்காமலே சேரக்கூடாது.

செமஸ்டருக்கு 3 லட்சமாக வங்கி விடுவிக்கிறது, வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு வருடம், அப்புறம் தவணை தொடங்க ஒரு வருட அவகாசம், இதற்குள் வட்டி மட்டுமே 2.7 லட்சம் ஏறிவிடும். 14.7 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 19,400 ரூபாய் கட்ட வேண்டும். வேலையை விடுவதால் போகிற 24 மாதச் சம்பளம் 6.72 லட்சம், அதை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை.

கல்லூரி 'சராசரி சம்பளம் 8 லட்சம்' என்று சொல்லியிருப்பார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 5 லட்சம், ஒருவருக்கு மட்டும் 35 லட்சம் என்றாலும் சராசரி 8 தான் வரும்! அதனால் மீடியன் எவ்வளவு, அதாவது வரிசையில் நடுவில் நிற்கிற மாணவருக்கு என்ன கிடைத்தது, இந்தப் பிரிவில் எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மெயிலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள். 5 லட்சம் பேக்கேஜில் கைக்கு 37,000 வந்தால் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். கல்விக் கடன் வட்டிக்கான வரிச்சலுகையைச் சொல்லி யாராவது ஆசை காட்டினால், அந்தச் சம்பளத்துக்கு வரியே வராது, சலுகையால் என்ன பயன்?

மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியின் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்து, மெரிட்டில் சேர்ந்தால் பத்திரமோ ஜாமீனோ தேவையில்லை.

மீடியன் சரியில்லை என்றால் ஒரு வருடம் பொறுங்கள். ஆர்டர் தேதி, துணி ரிஜெக்ட், ஷிப்மெண்ட் தாமதம் எல்லாம் உங்கள் எக்செல் ஷீட்டிலேயே கிடக்கிறது. எந்த டையிங் யூனிட்டால் எத்தனை நாள் தள்ளிப்போனது என்று அதிலிருந்தே எடுத்துக் காட்டப் பழகுங்கள், கூடவே டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க உதவுகிற எஸ்.க்யூ.எல். மொழியையும் படியுங்கள். ஐ.ஐ.டி.க்கள் ஆன்லைனில் நடத்துகிற என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். அப்படியே எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வையும் எழுதுங்கள்.

மீடியன் 8, 9 லட்சம் என்று வந்தால் தைரியமாகக் கடன் வாங்குங்கள், ஆனால் எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். முதல் செமஸ்டரில் மாத வட்டி 2,500 தான். அப்பா கட்டாயம் உதவ வேண்டும் என்று நினைத்தால், அந்த எஃப்.டி.க்கு வருகிற வட்டியிலிருந்து அதைக் கட்டச் சொல்லுங்கள். அசல் அவருக்கே இருக்கட்டும்.