குடும்பப் போட்டோவுக்குப் புடவையா, பீஜ் ஸ்வெட்டரா?

வெளிநாடு வந்து முதல் குளிர்காலம், பூங்காவில் குடும்பமாகப் போட்டோ எடுக்கப் போகிறோம், போட்டோகிராபர் அனுப்பிய மாதிரிப் படங்களில் எல்லோரும் பீஜும் (வெளிர் மணல் நிறம்) சாம்பலுமாக நிற்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் வாங்க வேண்டுமா, புடவை கட்டினால் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கட்டுங்கள். பீஜ் நம்மில் பலருக்கு எடுக்காது, முகமும் சேர்ந்து மங்கித் தெரியும். அரக்கு, மயில்கழுத்து, கடுகு மஞ்சள் எல்லாம் நம் நிறத்துக்கு எவ்வளவு களையாக இருக்கும்! இலை உதிர்ந்த மரங்களுக்கு முன்னால் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

முதலில் உங்கள் உடையை முடிவு செய்யுங்கள். பூவோ கட்டமோ அதில் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் அதிலுள்ள நிறங்களில் ஆளுக்கொன்றாகப் பிளெய்னாகப் போட்டுக்கொள்ளலாம். அத்தனை பேருக்கும் ஒரே நிறம் வேண்டாம், நெருங்கி உட்காரும்போது ஒருவர் தோள் எங்கே முடிகிறது, அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்றே புரியாது. எல்லாத் துணியையும் ஜன்னல் பக்கம் பரப்பி போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒருவருக்காவது வெளிர் நிறம் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது குளிருக்கு மேலே போடும் கோட்டு. வெளியில் எடுக்கும் படத்தில் கோட்டுதான் உங்கள் உடை, உள்ளே என்ன போட்டிருந்தாலும் கழுத்தோரம் கொஞ்சம்தான் தெரியும். குழந்தைகளின் பளீர் ஆரஞ்சு ஜாக்கெட் பள்ளிக்கூடத்துக்கு நல்லதுதான், ஆனால் படத்தில் அந்த நிறம் தாடையிலும் கன்னத்திலும் ஏறிவிடும். கோட்டைக் கழற்றிவிட்டு எடுப்பதாக இருந்தால் அடியில் தெர்மல் (குளிர் தாங்கும் உள்ளாடை) கட்டாயம், புடவைக்கு உள்ளேயும் தெர்மல் லெக்கிங்ஸ் போடலாம், யாருக்கும் தெரியாது. நடுங்கும் உடம்பில் சிரிப்பு வராது, தோள்கள் தானாகக் காதுவரை ஏறிக்கொள்ளும். படத்துக்காகப் பிள்ளைகளைக் குளிரில் நிறுத்துவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அப்புறம், வீட்டுக்காரருக்கு மெல்லிய நெருக்கமான கோடு போட்ட சட்டை வேண்டாம், டிஜிட்டல் கேமராவில் அந்தக் கோடுகள் அலை அலையாக நெளிந்து தெரியக்கூடும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போடுபவர் என்றால் சாதாரணக் கண்ணாடியை எடுத்து வரச் சொல்லுங்கள், அந்த வகைக் கண்ணாடி குளிரில் இன்னும் அதிகமாகக் கறுக்கும், கண்ணே தெரியாமல் போய்விடும். புது ஷூவை முந்தின வாரமே வீட்டுக்குள் போட்டு நடக்க விடுங்கள். சின்னவனுக்கு அதே நிறத்தில் இன்னொரு சட்டை பையில் இருக்கட்டும், வண்டியிலேயே எதையாவது கொட்டிக்கொள்வான்.