ஐ7 என்றால் போதுமா? அதன் பக்கத்து எண்ணைப் பாருங்கள்

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நான் வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறேன். இருவருக்கும் பொதுவாக ஒரு டெஸ்க்டாப் வேண்டும். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கடையில், “ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், 19 இன்ச் மானிட்டர், எல்லாம் சேர்த்து 14,000” என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் பிராசஸர்களின் வரிசைப் பெயர்கள். இந்த விலைக்கு வரும் ஐ7 பெரும்பாலும் ஐ7-2600 அல்லது ஐ7-3770 ஆக இருக்கும். முதலாவது 2011-லும் அடுத்தது 2012-லும் வெளிவந்தவை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அது ஐ7-தான். ஆனால் 2017-ல் வந்த ஐ3-8100, அந்த ஐ7-2600-க்குச் சளைத்ததல்ல. மின்சாரமும் குறைவாகவே எடுக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணை. அதில் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பதுதான் தலைமுறை. ஐ5-8500 என்றால் 8-ஆம் தலைமுறை, ஐ5-12400 என்றால் 12. உங்களுக்கு 8-க்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். பழைய பெட்டியிலும் (மானிட்டர் நீங்கலான கம்ப்யூட்டர்) குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், ஓடவும் செய்யும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பிறர் கணக்கையும் வங்கி விவரத்தையும் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அந்த ஆபத்து கூடாது.

உங்கள் பணத்துக்குச் சரியானது, அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் பிராண்டட் பெட்டி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, எச்பி புரோடெஸ்க் 600 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720 ஆகியவை இந்த 8-ஆம் தலைமுறையைச் சேர்ந்தவை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் புதுப்பித்து விற்கிறார்கள். பெட்டிக்கு 15,000-ஐ ஒட்டி, புது 22 இன்ச் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத திரை) மானிட்டருக்கு 7,000-ஐ ஒட்டி, மீதி கீபோர்டு, மவுஸ், வெப்கேம், வைஃபை டாங்கிளுக்கு (யுஎஸ்பி-யில் செருகும் வைஃபை கருவி) என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை இருக்காது. ரேம் விலை 2025 இறுதியிலிருந்து ஏறிக் கிடப்பதால் அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

8 ஜிபி ரேம் போதும், ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்கட்டும். 1 டிபி ஹார்டு டிஸ்க்கைவிட 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) உங்களுக்குப் பல மடங்கு பயன்படும். ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 11 ஓட்டினால், காலையில் ஆன் செய்துவிட்டு நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அது பிராசஸரின் குற்றமல்ல, டிஸ்க்கின் குற்றம்.

கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள், அவசரப்படுத்தினால் வேறு கடை பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் பிராசஸரின் முழுப் பெயர், எத்தனை ரேம் ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எஸ்எஸ்டி-யா என்பதெல்லாம் தெரியும். அதைத் திறந்து வைத்தபடியே யூடியூபில் ஒரு வீடியோவைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். விசிறி இரைச்சல் ஏறிக்கொண்டே போய், பிராசஸரின் வேகம் இறங்கினால், உள்ளே தூசி அடைத்திருக்கும் அல்லது பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கழற்றித் துடைத்துப் புதிதாகத் தடவித் தரச் சொல்லுங்கள். எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன் செருகுகிறவருக்கு இது முக்கியம். பிறகு ஷட் டவுன் செய்து, பவர் கேபிளை உருவி, ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். நேரம் பற்றி எர்ரர் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சின்னப் பொருள்தான், ஆனால் மாற்றாமல் விட்டால் தேதி பின்னால் போய், இணையதளங்கள் ‘பாதுகாப்பில்லை’ என்று சொல்லித் திறக்க மறுக்கும்.

டெல் என்றால் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஏழு குறிகள் கொண்ட சர்வீஸ் டேக் ஒட்டியிருக்கும். அதை டெல் இணையதளத்தில் போட்டால், பெட்டி எப்போது கம்பெனியிலிருந்து கிளம்பியது, அப்போது உள்ளே என்ன இருந்தது என்று காட்டும். விண்டோஸ் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்க வேண்டும். கிராக் செய்து ஏற்றியிருந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். ஜிஎஸ்டி பில் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் பெட்டியின் சீரியல் எண்ணும் வாரண்டி மாதங்களும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பெட்டிகள் பலவற்றின் பின்னால் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளே போர்ட்தான் இருக்கும். விலை குறைந்த மானிட்டரிலோ எச்டிஎம்ஐ-யும் விஜிஏ-வும்தான். டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். அது ஒருவழிப் பாதை, திசை மாற்றி மாட்டினால் படம் வராது. இன்னொன்று எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பவர் சப்ளை. டெல், எச்பி பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் பின் வேறு மாதிரி, கடைகளில் கிடைக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பழுதானால் அதே வகை கடையில் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

புதிதாக அசெம்பிள் செய்யச் சொல்லும் எண்ணம் வந்தால், ‘எஃப்’ என்று முடியும் பிராசஸரைத் தவிருங்கள். ஐ3-12100எஃப்-இல் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் பகுதி கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாவிட்டால் திரை கருப்பாகவே இருக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தனி யுபிஎஸ் வாங்கும் முன் இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாமல் தாங்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும், ஃபைலைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும். பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொடும்போது சுருக்கென்று இழுத்தால், பிளக் பாயிண்டில் எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்-இல் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியே கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் பெட்டியில் தங்குகிறது. மகளை உட்கார வைக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பாயிண்டைச் சரிசெய்துவிடுங்கள்.