யெல்லிங்கில் முதலில் எங்கே போவது?

கேள்வி: கோடையில் பிள்ளைகளோடு டென்மார்க்கின் பில்லுண்டுக்கு, லெகோலேண்ட் பார்க்கப் போகிறோம். பக்கத்தில் யெல்லிங் என்ற ஊரில் வைக்கிங் அரசர்களின் புதைமேடுகளும் பழைய சர்ச்சும் இருக்கின்றனவாம். அரை நாள் போதுமா? பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா?

பதில்: அரை நாள் தாராளம். பில்லுண்டிலிருந்து சுமார் 20 கி.மீ.தான். கார் இல்லையென்றால் வைலே நகரிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்.

சலிப்பு வருமா என்பது நீங்கள் பார்க்கும் வரிசையைப் பொறுத்தது. நேராக மேட்டுக்குப் போனால், புல் முளைத்த இரண்டு குன்றுகளும் நடுவே ஒரு வெள்ளைச் சர்ச்சும்தான் தெரியும், 'இதற்குத்தானா வந்தோம்?' என்று பிள்ளைகள் கேட்டே விடுவார்கள். அதனால் முதலில் எதிரிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நுழைவு இலவசம். அதன் மொட்டைமாடியில் நின்றால், ஒரு காலத்தில் இந்த இடத்தை வளைத்திருந்த மரவேலி ஓடிய தடம் வெள்ளைக் கம்பங்களாகத் தெரியும். பக்கத்துக்கு ஏறக்குறைய 360 மீட்டர், நான்கு பக்கம்.

பிறகு சர்ச் வாசலில் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் இருக்கும், ரூன் எனப்படும் வைக்கிங் காலத்து எழுத்துகள் பொறித்த இரண்டு கற்கள். சிறியது, கோர்ம் அரசர் தன் மனைவி தியூராவின் நினைவாக வைத்தது. பெரியது அவர்கள் மகன் ஹரால்டு வைத்தது. டென்மார்க்கையும் நார்வேயையும் வென்றதையும், டேனியரைக் கிறிஸ்தவர்களாக்கியதையும் அதில் சொல்லிக்கொள்கிறார். இந்த ஹரால்டின் பட்டப்பெயர்தான் 'ப்ளூடூத்'. உங்கள் போனில் உள்ள சின்னம் அவர் பெயரின் இரண்டு ரூன் எழுத்துகளைச் சேர்த்தது. பிள்ளைகளை இழுக்க இந்த ஒரு தகவல் போதும். பெரிய கல்லைச் சுற்றிப் போனால் பாம்பு சுற்றிய விலங்கு ஒரு பக்கம், கைவிரித்த கிறிஸ்து இன்னொரு பக்கம். சிலுவையே இல்லை, கொடிகள்தான் அவரைச் சுற்றிப் பின்னியிருக்கின்றன. படம் எடுக்கும்போது கண்ணாடியை ஒட்டி நில்லுங்கள், பிரதிபலிப்பு குறையும்.

இனி மேடுகள். இரண்டிலும் இன்று யாரும் இல்லை! வடக்கு மேட்டின் கல்லறை அறைக்கான மரம் 958-59 வாக்கில் வெட்டப்பட்டது என்பது மர வளையங்களிலிருந்து தெரிகிறது. அங்கே புதைக்கப்பட்டதாகக் கருதப்படுபவர் கோர்ம் அரசர். ஆனால் 1820இல் அதைத் திறந்தபோது அவரைக் காணோம். ஒரு சிறு வெள்ளிக் கோப்பையும் சில பொருட்களும்தான் கிடைத்தன. தெற்கு மேட்டை 1861இல் தோண்டினார்கள். அதில் கல்லறையே இல்லை.

அரசர் எங்கே போனார்? 1970களில் சர்ச்சின் தரைக்கடியில் தோண்டியபோது ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்தன. மதம் மாறிய மகன் ஹரால்டு தன் தகப்பனை மேட்டிலிருந்து எடுத்து, அப்போது இங்கிருந்த மரச் சர்ச்சுக்குள் வைத்தான் என்று பலர் கருதுகிறார்கள். அது கோர்ம்தான் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் எனக்கு அந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது. எலும்புகளை 2000இல் மறுபடி அங்கேயே அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தைக் காட்டும் வெள்ளிக் கோடு தரையில் இருக்கிறது. பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இப்போதுள்ள சர்ச் 1100 வாக்கில் கட்டியது. இன்றும் வழிபாடு நடக்கிறது. ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள். திருமணமோ இறுதிச் சடங்கோ நடந்தாலும் சுற்றிப் பார்க்க உள்ளே போக முடியாது. வளாகத்தில் ஊர்க்காரர்களின் கல்லறைகளும் இருப்பதால் பிள்ளைகளை அங்கே ஓடவிடாதீர்கள். ஓட்டமெல்லாம் மேட்டுப் படிகளில் வைத்துக்கொள்ளட்டும். மேலே காற்று பலமாக அடிக்கும், கோடையானாலும் ஒரு ஜாக்கெட் எடுத்துப் போங்கள்.