வெயிலில் நின்றுபோகும் அம்பாசிடர்

கேள்வி: சித்திரை வெயிலில் மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் எங்கள் அம்பாசிடர் மார்க் 2 நின்றுவிடுகிறது. அரை மணி ஆறவிட்டால் கிளம்புகிறது. கார்புரேட்டரை மாற்றலாமா? - வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம், பழைய ஒரிஜினலைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்! வண்டி நின்றதும், உபரி ஸ்பார்க் பிளக் ஒன்றை பிளக் வயரில் மாட்டி, இன்ஜின் உலோகத்தில் படும்படி வைத்து செல்ஃப் அடியுங்கள். தீப்பொறி மங்கலாக வந்தாலோ, வராவிட்டாலோ கண்டென்சர் (பாயின்ட்டோடு இணைந்த சிறு மின்தேக்கி) அல்லது இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) சூட்டில் சோர்கிறது. விலை குறைந்த கண்டென்சரை முதலில் மாற்றுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கட்டும். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது. பெட்ரோலை ஏற்றும் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுச் சிறிது நேரத்தில் கிளம்பினால் சந்தேகமே இல்லை. பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜின் புகை வெளியேறும் சூடான குழாய்) விலக்கிக் கட்டுங்கள். ரேடியேட்டரையும் சுத்தம் செய்யுங்கள்.