பெயர் போட்டுத்தான் ஆக வேண்டும்

அன்புள்ள ஐயா,

துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். கல்லூரியில் படித்த சி மொழி பாதி மறந்துவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குச் சின்னத் திருத்தம் ஒன்றாவது அனுப்ப ஆசை. கோடிக்கணக்கான வரிகளில் எங்கே கை வைப்பது? கமென்ட்டில், அதாவது கோடுக்கு நடுவே வரும் விளக்கக் குறிப்பில், எழுத்துப்பிழை திருத்தலாம் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கட்டும். முதல் பேட்ச், அதாவது அனுப்பும் திருத்தம், எழுத்துப்பிழையாகவே இருக்கலாம். அதில் நீங்கள் பழகுவது சி மொழியை அல்ல, அனுப்பும் முறையை. பேட்ச் ஈமெயிலில் வெறும் டெக்ஸ்டாகப் போக வேண்டும். நான் முதல் பேட்சை பிரவுசரில் ஒட்டி அனுப்பினேன். டேப் எல்லாம் ஸ்பேஸாகி, யார் மெஷினிலும் பொருந்தவில்லை. கோட் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளில் உள்ள சென்ட்-ஈமெயில் கட்டளையைப் பயன்படுத்தி முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். சோர்ஸுடன் வரும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் குறைகளைச் சொல்லும், கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் யார், யாருக்கு அனுப்புவது என்று சொல்லும்.

இடம் கேட்டீர்கள். சாதனங்களை இயக்கும் கோடான டிரைவர்கள் இருக்கும் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்டேஜிங் என்று ஒன்று 2008-லிருந்து இருக்கிறது. தரம் பத்தாத டிரைவர்கள் அங்கே கிடக்கும், பலவற்றில் என்ன பாக்கி என்ற பட்டியலும் உண்டு. வேறு இடங்களில் வெறும் ஸ்பேஸ் திருத்தம் அனுப்பினால் முகம் சுளிப்பார்கள்.

ஆனால் மூன்றாவது பேட்சும் எழுத்துப்பிழை என்றால் நானும் சிரிப்பேன். அப்புறம் உங்கள் சொந்த மெஷினைப் பாருங்கள். ரிச்சி தெருவில் ஒரு பழைய லேப்டாப் போதும். கெர்னல் முழுவதையும் அதில் பில்ட் செய்தால் மே மாத வெயிலில் ஃபேன் அலறும். அதனால் முதலில் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளையைக் கொடுங்கள். அந்நேரம் ஓடும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் துண்டுகளை) மட்டும் எடுத்துக்கொள்ளும். கொடுக்கும் முன் பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் சொருகிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை புதிய கெர்னலில் வேலை செய்யாமல் போகலாம். பூட் ஆகும்போது டீமெஸ்ஜியில், அதாவது கெர்னலின் செய்திப் பதிவில், வரும் எச்சரிக்கை ஒன்றைப் பிடித்துத் துரத்துங்கள். உங்கள் கையில் இருக்கும் சாதனத்தின் கோளாறை உங்களால்தான் சோதித்துச் சொல்ல முடியும். மெயின்டெய்னருக்கு அது பெரிய விஷயம்.

பதில் வரவில்லையா? ஒரு வாரமாவது பொறுங்கள். புது வெர்ஷன் வந்தவுடன் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது அடுத்த வெர்ஷனுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்; அப்போது பலர் புது பேட்சைத் தொடவே மாட்டார்கள்.

சரி, பெயர் விஷயம். இங்கே மறைத்துவிட்டேன், கெர்னலில் அது நடக்காது. ஒவ்வொரு பேட்சின் அடியிலும் சைன்டு-ஆஃப்-பை என்று பெயரும் ஈமெயிலும் வேண்டும். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. அதனால் கம்பெனி லேப்டாப்பில் எழுதாதீர்கள், வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஒரு பேட்சில் முன்னாலும் அடுத்ததில் பின்னாலும் போட்டேன். ஒரே ஆளின் பல பெயர்களை ஒன்றாக்கும் மெயில்மேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும், சோம்பேறித்தனம். கிட் கணக்கில் இன்றுவரை நான் இரண்டு பேர்.